கெட் அவே: பின்னால் வருவதைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளிடம் 'கெட் அவே' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'தப்பித்தல்' என்று பட்டென்று பதில் வரும். தப்பில்லை, அகராதியிலும் அதுதான் முன்னால் நிற்கும். அந்த ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரி வார்டில் போய் நிற்கும்போதுதான் சிக்கல். சீனியர் நர்ஸ் 'ஐ காண்ட் கெட் அவே டில் செவன்' என்கிறார். ஏழு மணி வரை அவருக்குத் தப்பிக்க வழியில்லை என்றா அர்த்தம்? ஏழு மணிக்கு முன்னால் டியூட்டியை விட்டுக் கிளம்ப முடியாது, அவ்வளவுதான். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் 'யூ குட் கெட் அவே வித் ஒன் கோட்' என்றால், ஒரு கோட் அடித்தாலே ஒப்பேத்திவிடலாம் என்கிறார். நீங்கள் சொன்ன செய்தியைக் கேட்டுப் படுக்கையில் இருக்கும் தாத்தா கண்ணை அகல விரித்து 'கெட் அவே!' என்றால் உங்களைத் துரத்தவில்லை. 'அட, சும்மா போவும் ஓய்!' என்று வியக்கிறார்.

குமரி மாவட்டத்தில் இந்த வினை அடிக்கடி தேவைப்படுகிறவர்கள் மூன்று வகை. நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் தேர்வு எழுதுகிறவர்கள், கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், கன்னியாகுமரியில் லாட்ஜும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிறவர்கள். மூவருக்கும் தேவைப்படும் பொருள் வேறு வேறு. ஆனால் அடிப்படை ஒன்றுதான், முதலில் அதைப் பிடித்துவிட வேண்டும்.

'அவே' என்றால் விலகி, தூரமாக. 'கோ' சேர்ந்தால் சும்மா போவது. 'கெட்' சேர்ந்தால் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது, அதை மீறி விலகுவது. 'கெட் அவே' வரும் வாக்கியத்தில் எல்லாம் இந்தப் 'பிடி' எங்கேயாவது ஒளிந்திருக்கும். போலீஸ் பிடி, வேலைப் பிடி, தண்டனைப் பிடி, தூண்டில் பிடி. பிடி என்ன என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இதை மறந்தால் வருகிற தவறு ஒன்று நர்சிங் மாணவர்களிடம் நிறையப் பார்க்கலாம். 'வலி போகவில்லை' என்பதை 'தி பெயின் இஸ் நாட் கெட்டிங் அவே' என்று சொல்லிவிடுவார்கள். வலியை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லையே. வலி தானாகப் போக வேண்டிய சாமான். ஆகவே 'தி பெயின் இஸ்ன்ட் கோயிங் அவே'. காய்ச்சல், வீக்கம், தடிப்பு, இருமல் எல்லாவற்றுக்கும் 'கோ அவே'தான். நோயாளியை எழுவாயாக வைத்தால் மட்டும் 'கெட்' வரலாம்: 'ஐ காண்ட் கெட் அவே ஃப்ரம் திஸ் பெயின்', இந்த வலியிடமிருந்து எனக்கு விடுதலையே இல்லை. வலிக்குக் 'கோ', வலியில் மாட்டிக்கொண்டவருக்குக் 'கெட்'.

எச்சரிக்கை வாக்கியங்களிலும் இதே கணக்கு. பாறை விளிம்பில் ஏற்கெனவே நிற்கிறவனைப் பார்த்துக் கத்துவது 'கெட் அவே ஃப்ரம் தி எட்ஜ்!' அங்கே யாரும் போகாமல் இருக்க வைக்கும் போர்டில் எழுத வேண்டியது 'கீப் அவே' அல்லது 'ஸ்டே அவே'. முட்டம் பாறைகளிலோ சங்குத்துறையிலோ போர்டு எழுதுகிறவர் 'கெட் அவே ஃப்ரம் தி ராக்ஸ்' என்று எழுதினால், படிக்கிறவன் எல்லாம் ஏற்கெனவே பாறைமேல் நிற்பதாக ஆகிவிடும். புல்வெளி, சுவர், தண்டவாளம் போல ஏறக்கூடாத பரப்பாக இருந்தால் 'கீப் ஆஃப்'.

இனி பின்னால் வரும் சொல்லுக்கு வருவோம். 'கெட் அவே' தனியாக நின்றால் பெரும்பாலும் இரண்டே பொருள். துரத்துகிறவனிடமிருந்து தப்பிவிட்டான்: 'தி தீஃப் காட் அவே'. அல்லது வேலையை விட்டுக் கிளம்ப முடிந்தது: 'ஐ காட் அவே அட் த்ரீ'. இரண்டாவது, மேலதிகாரியிடம் பணிவாகக் கேட்கவும் உதவும். 'குட் ஐ கெட் அவே பை த்ரீ ஆன் ஃப்ரைடே?' என்றால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்பது. பேச்சில் இது இயல்பு. ஆனால் லீவ் லெட்டரில் எழுதிவிடாதீர்கள், அங்கே 'ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதுதான் முறை. இன்டர்வியூவில் பழைய வேலையைப் பற்றி 'ஐ வாண்டட் டு கெட் அவே ஃப்ரம் தட் ஹாஸ்பிடல்' என்றும் சொல்ல வேண்டாம். அங்கே ஏதோ பொறுக்க முடியாத பிரச்சினை, ஓடி வந்துவிட்டீர்கள் என்று கேட்கிறவர் காதில் விழும். 'லெஃப்ட்' என்ற சாதாரணச் சொல் போதும்.

'ஃப்ரம்' வந்தால் எதன் பிடி என்று அது சொல்லிவிடும். ஆள், இடம், கூட்டம், பேச்சின் போக்கு எதுவானாலும் சரி. 'வீ ஆர் கெட்டிங் அவே ஃப்ரம் தி பாயிண்ட்' என்றால் பேசவந்த விஷயத்தை விட்டு விலகிப் போகிறோம். 'தேர் இஸ் நோ கெட்டிங் அவே ஃப்ரம் இட்' என்றால் அதை மறுக்க முடியாது, ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ரப்பர் விலையைப் பற்றியோ கடல் அரிப்பைப் பற்றியோ கட்டுரை எழுதும்போது ஒரு கசப்பான உண்மையை முன்வைக்க இது நல்ல தொடக்கம்.

'எஸ்கேப்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்வது தனி வகைத் தவறு. 'எஸ்கேப் ஃப்ரம் பிரிசன்' என்றால் சிறையிலிருந்து தப்பி வெளியேறுவது. 'ஃப்ரம்' இல்லாமல் 'எஸ்கேப் பனிஷ்மென்ட்', 'எஸ்கேப் இன்ஜுரி' என்றால் வரவிருந்த ஒன்று வராமலே தப்பியது. 'கெட் அவே'க்கு இந்த வசதி கிடையாது. 'கெட் அவே பனிஷ்மென்ட்' என்று ஒட்டவே முடியாது. இடையில் ஏதாவது ஒரு சொல் வேண்டும், எந்தச் சொல் என்பதில்தான் பொருளே இருக்கிறது.

ஒரு சின்ன விலகல். 'எஸ்கேப்' லத்தீன் வழி வந்த சொல். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'காப்பா' என்றால் மேலங்கி. பிடித்தவன் கையில் அங்கியை விட்டுவிட்டு ஆள் மட்டும் ஓடிவிடுவது. துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினான் என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டு ஊரிலும் ஓடுகிறவன் உடுப்பைத்தான் முதலில் பறிகொடுத்திருக்கிறான்.

'வித்' வந்தால் கவனம்

தேர்வில் மதிப்பெண் போவதும் பேச்சில் அனர்த்தம் வருவதும் பெரும்பாலும் 'கெட் அவே வித்'தில்தான். இதற்கு நான்கு பொருள் இருக்கிறது. 'வித்'துக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தே பிரிக்க வேண்டும்.

பின்னால் வருவது கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய பொருளானால், திருட்டு. 'தி கேங் காட் அவே வித் தி ஜுவல்ஸ்', நகைகளோடு கம்பி நீட்டிவிட்டார்கள். நம் ஊர் ஆங்கிலச் செய்திகளில் 'பத்து சாவரின்ஸ்' என்று வரும். ஒரு சவரன் 8 கிராம் என்பது நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் அந்தச் சொல் ஒரு தங்க நாணயத்தின் பெயர், நகையின் எடையைக் கிராமில் சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர் படிப்பதானால் 80 கிராம் என்று எழுதுங்கள்.

பின்னால் வருவது ஒரு செயலானால், செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் போனது. 'ஹி காட் அவே வித் சீட்டிங்', காப்பியடித்தான், ஒன்றும் ஆகவில்லை. இங்கே வினை கண்டிப்பாக 'இங்' வடிவத்தில் இருக்க வேண்டும். 'வித் சீட்', 'வித் டு சீட்' இரண்டும் பிழை. எதிர்மறையானால் 'நாட்' அந்த 'இங்'குக்கு முன்னால் உட்காரும்: 'ஷி காட் அவே வித் நாட் பேயிங்', காசு கொடுக்காமலே நழுவிவிட்டாள். செயலைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றால் 'இட்' அல்லது 'திஸ்' போதும். 'யூ வோண்ட் கெட் அவே வித் திஸ்' என்பது மிரட்டல், 'இதுக்கு உன்னைச் சும்மா விடமாட்டேன்' என்ற தொனி. புகார்க் கடிதத்தில் இதை எழுதினால் புகார் கொடுத்தவர்மேலேயே சந்தேகம் வரும். தண்டிக்க வேண்டியவர் கண்டுகொள்ளாமல் விட்டால் முன்னால் 'லெட்' வரும்: 'டோண்ட் லெட் ஹிம் கெட் அவே வித் இட்'. 'லெட்'டுக்குப் பிறகு 'டு' கிடையாது, 'காட்'டும் கிடையாது.

மூன்றாவது, பின்னால் வருவது சிறிய தண்டனையோ சின்னக் காயமோ ஆனால், பெரிதாக வரவேண்டியது சிறிதாகப் போனது. 'ஹி காட் அவே வித் எ ஃபைன்' என்றால் அபராதத்தோடு விட்டார்கள், ஜெயிலுக்குப் போகவில்லை. முதல் பொருளை இங்கே பொருத்தினால் அபராதத்தைத் திருடிக்கொண்டு ஓடினான் என்றாகும். 'லேசான காயத்துடன் உயிர் தப்பினார்' என்று நம் பத்திரிகைகள் தினமும் எழுதுவது இந்த வகை. ஆங்கிலப் பத்திரிகை நடையில் அதற்கு 'எஸ்கேப்ட் வித் மைனர் இன்ஜுரிஸ்' பழகிய தொடர். 'காட் அவே வித்' பேச்சுக்குச் சரி.

நான்காவதைத்தான் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. குறைவான ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பெரிய குறை தெரியாது. தொடக்கத்தில் வந்த ஒரு கோட் பெயிண்ட் இதுதான். 'யூ கேன் கெட் அவே வித் எ தின்னர் ஜாக்கெட் இன் மே', மே மாதம்தானே, மெல்லிய ஜாக்கெட்டே போதும். தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: ஒப்பேற்றுதல். 'இருக்கிற தேங்காயை வச்சு ஒப்பேத்திருவோம்' என்று அடுக்களையில் சொல்வதும் 'வீ கேன் கெட் அவே வித் ஹாஃப் எ கோகனட்' என்பதும் ஒன்றே. இரண்டிலும் கொஞ்சம் கள்ளத்தனம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். முறைப்படி செய்தால் முழுத் தேங்காய் வேண்டும், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரியப்போவதில்லை. குற்றம், தண்டனை என்ற பழைய பொருள் இங்கே சாயம் வெளுத்துப்போய் இருக்கிறது. 'கேன்' அல்லது 'குட்' முன்னால் வந்து, பின்னால் சாதாரணச் சாமான் ஒன்று வந்தால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான். 'கெட் பை' என்பதோடு குழப்ப வேண்டாம். அது கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் காலம் தள்ளுவது. அதில் கள்ளத்தனம் இல்லை, கஷ்டம்தான் இருக்கிறது.

'கெட் அவே வித் மர்டர்' தனிக் கதை. கொலை செய்துவிட்டுத் தப்பினான் என்றும் சொல்லலாம்தான். ஆனால் வீட்டுப் பேச்சில் வந்தால் கொலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'தி யங்கஸ்ட் கெட்ஸ் அவே வித் மர்டர் இன் தட் ஹவுஸ்' என்றால் அந்த வீட்டில் கடைக்குட்டி எது செய்தாலும் கேட்க ஆளில்லை. செல்லம் என்று பொருள். நோயாளி தன் பேரனைப் பற்றி இப்படிச் சொன்னால் பதறாமல் சிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கில் முதல் இரண்டையும் ஒரே தொடரில் குழப்பக்கூடியது 'காட் அவே வித் தி மணி'. பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினான் என்பதே வழக்கமான பொருள். பணமோசடி செய்தும் தண்டனை இல்லை என்று சொல்ல நினைத்தால் 'காட் அவே வித் டேக்கிங் தி மணி' என்று செயலைச் சொல்லிவிடுவது நல்லது.

தமிழில் 'தப்பு' என்ற ஒரே சொல் குற்றமும் ஆகிறது, தப்பிப்பதும் ஆகிறது. 'தப்புப் பண்ணிட்டுத் தப்பிச்சிட்டான்' என்பதை ஆங்கிலத்தில் 'ஹி டிட் ராங் அண்ட் எஸ்கேப்ட்' என்று இழுக்கத் தேவையில்லை. 'ஹி காட் அவே வித் இட்' முழு வாக்கியத்துக்கும் போதும். மேற்கே களியக்காவிளைப் பக்கம் மலையாளம் புழங்கும் வீடுகளில் வேறொரு சிக்கல். 'ரக்ஷப்பெட்டு' என்ற மலையாளச் சொல் தப்பித்தவனுக்கும் ஆகும், வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவனுக்கும் ஆகும். அந்த நினைப்பில் கல்ஃபுக்குப் போய்ச் சம்பாதித்து வீடு கட்டியவனை 'ஹி காட் அவே' என்றால், ஊரில் ஏதோ செய்துவிட்டு ஓடிப்போனான் என்ற பழி வந்து சேரும். அங்கே 'ஹி டிட் வெல்' போதும்.

தூண்டிலும் சுற்றுலாவும்

கடற்கரைக்காரர்களுக்கு இந்த வினையில் ஒரு சொந்தப் பங்கு உண்டு. 'தி ஒன் தட் காட் அவே' என்பது ஆங்கிலத் தூண்டில்காரர்களின் தொடர், கையில் சிக்கி நழுவிய மீன். நழுவிய மீன் சொல்லச் சொல்லப் பெரிதாகும் என்ற கிண்டலும் அதில் உண்டு. கைக்கு வந்து போன வேலை, கைகூடாத காதல் எல்லாவற்றுக்கும் இப்போது இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆள் ஆனாலும் மீன் ஆனாலும் 'தி ஒன்'தான், மாறாது.

ஆனால் மீன் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டி வந்தால் 'காட் அவே' போதாது, அது முடிவை மட்டும் சொல்லும். தூண்டில் முள் வாயில் சரியாகத் தைக்காமல் கழன்றால் 'இட் கேம் ஆஃப்'. மீன் துள்ளித் தலையை உதறி முள்ளைக் கழற்றி எறிந்தால் 'இட் த்ரூ தி ஹுக்'. நைலான் நரம்பு அறுந்தால் 'தி லைன் ஸ்னாப்ட்' அல்லது 'இட் ப்ரோக் ஆஃப்'. இழுக்கும்போது நரம்பில் தளர்ச்சி விட்டால் முள் கழன்றுகொள்ளும். விடாப்பிடியாக இழுத்தால், அதுவும் முடிச்சு விழுந்த இடத்தில், நரம்பு அறுந்துபோகும். சூரையும் நெய்மீனும் தூண்டிலில் இழுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் கற்க வேண்டியது, காரணத்தைச் சொன்ன பிறகு 'அண்ட் இட் காட் அவே' என்று முடிப்பதை மட்டும்தான். சுறா வேட்டைக்கு ஆழ்கடல் போகும் தூத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்கள் இந்த நான்கு தொடரிலிருந்து தொடங்கலாம். திருடன் போலீஸ் கதையைவிடச் சீக்கிரம் ஏறும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது இது ஒரே சொல்: 'கெட்டவே'. இதற்கும் வேட்டையோடு உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நரி வேட்டைக்காரர்கள் நரி புதரை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடுவதை இப்படிச் சொன்னார்கள். பிறகு திருடர்கள் ஓடுவதற்கு வந்தது. 'கெட்டவே கார்' என்றால் கொள்ளையர் தப்ப வெளியே இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தியிருக்கும் கார். அதன் பிறகுதான் விடுமுறைப் பயணம். இன்று ஓட்டல் விளம்பரத்தில் 'வீக்கெண்ட் கெட்டவே' என்று படிக்கிறவர் யாரும் நரியையோ கொள்ளைக்காரனையோ நினைப்பதில்லை. பிடி மட்டும் இருக்கிறது: நகரத்தின் பிடி, வேலையின் பிடி.

விளம்பரம் எழுதுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். 'எ பீஸ்ஃபுல் கெட்டவே' சரி, ஒரே சொல். 'கெட் அவே ஃப்ரம் தி சிட்டி' என்று வினையாக வந்தால் இரண்டு சொல், நடுவில் இடம் விட வேண்டும். சேர்த்து எழுதினால் பிழை. எண்ணக்கூடிய பெயர்ச்சொல் என்பதால் முன்னால் 'எ' வேண்டும், பன்மையில் 'எஸ்' வேண்டும். இரண்டு நாள் என்றால் 'எ டூ டே கெட்டவே', அந்த 'டே'யில் 'எஸ்' சேராது, 'டூ'வுக்கும் 'டே'க்கும் நடுவே சிறுகோடு. 'கெட் அவே ஃப்ரம் இட் ஆல்' என்றால் எல்லாத் தொல்லையையும் விட்டு ஒதுங்கி இருப்பது. பேச்சிப்பாறையில் அணைக்கரையோரம் அறை வாடகைக்கு விடுகிறவர் இதை எழுதினால் பொருத்தம். ஐயப்ப சீசனில் முக்கடல் முனைக்குப் பக்கத்து லாட்ஜில் எழுதினால், விடியற்காலை நாலு மணிக்குச் சூரிய உதயம் பார்க்க எழும்பும் கூட்டத்தின் நடுவில் வந்து மாட்டியவர் உங்களைப் பற்றி ரிவ்யூ எழுதுவார்.

மற்ற வினைகளோடு ஒரு ஒப்பீடு

ஒரே வரலாற்றை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். எதிர்த்து நின்ற பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமார் துரத்த, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்ட வர்மா நெய்யாற்றின்கரையில் பலாமரப் பொந்தில் ஒளிந்து பிழைத்தார் என்பது செவிவழிக் கதை. ஒளிந்த செயல் 'ஹிட்', அதாவது 'ஹைட்' என்பதன் இறந்தகாலம். தேடி வந்தவர்கள் கண்ணில் மண்ணைத் தூவியது 'கேவ் தெம் தி ஸ்லிப்'. கடைசியில் அகப்படாமல் போனது 'காட் அவே'. 1741-இல் குளச்சலில் தோற்ற டச்சுப் படைத்தலைவர் டிலனாய் 'காட் அவே' இல்லை, பிடிபட்டார். சிறையை உடைத்து வெளியேறியிருந்தால் 'ப்ரோக் அவுட்' என்று எழுதலாம். அவரோ திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுக்கிறவராகி இங்கேயே தங்கிவிட்டார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

'ப்ரேக் அவுட்' தப்புவதற்கு மட்டுமல்ல, திடீரென்று மூள்வதற்கும் ஆகும். தீ, போர், கலவரம், தொற்றுநோய் எல்லாம் 'ப்ரேக் அவுட்' ஆகும். 'ரன் அவே' வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைக்கும், பயந்து ஓடுவதற்கும். 'வித்' சேர்ந்து ஆள் பெயர் வந்தால் காதலோடு ஓடிப்போவது. 'மேக் ஆஃப் வித்' திருட்டுக்கு மட்டும். 'கெட் அவுட் ஆஃப்' செய்ய வேண்டிய வேலைக்கு டிமிக்கி கொடுப்பது: 'ஹி காட் அவுட் ஆஃப் வாஷிங் தி டிஷஸ்'. பாத்திரம் கழுவாமல் தப்பியதற்கு 'காட் அவே வித்' போட்டால், கழுவியதே குற்றம், அதற்குத் தண்டனை இல்லை என்று தலைகீழாகிவிடும். 'கெட் ஆஃப்' சட்டத்தின் பிடியிலிருந்து விடுபடுவது அல்லது குறைந்த தண்டனையோடு போவது: 'காட் ஆஃப் வித் எ வார்னிங்'. ஒன்றும் இல்லாமலே போனால் 'ஸ்காட் ஃப்ரீ'. அந்த 'ஸ்காட்'டுக்கும் ஸ்காட்லாந்துக்கும் சம்பந்தமில்லை, அது பழைய வரி ஒன்றின் பெயர். நம் போலீஸ் செய்திகளில் வரும் 'அப்ஸ்காண்டிங்' தலைமறைவாக இருப்பதற்கு. பேச்சில் அதைப் பயன்படுத்தினால் எஃப்.ஐ.ஆர். வாசிக்கிற மாதிரி இருக்கும்.

நர்சுகள் கண்டிப்பாகப் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. 'பாஸ் அவே' என்றால் இறந்துபோவது என்று எல்லோருக்கும் தெரியும். 'ஸ்லிப் அவே' என்பதற்கும் அந்தப் பொருள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 'ஹி ஸ்லிப்ட் அவே லாஸ்ட் நைட்' என்று மகள் அழுதுகொண்டு சொன்னால், அப்பா வார்டிலிருந்து நழுவிப் போய்விட்டார் என்று நினைத்துத் தேடப் போகக் கூடாது. அமைதியாக உயிர் பிரிந்தது. நிஜமாகவே நோயாளி சொல்லாமல் எழும்பிப் போய்விட்டால் குறிப்பேட்டில் 'காட் அவே' என்று எழுதாதீர்கள். அது அவரைக் கைதி ஆக்கிவிடும், உங்களைக் காவலாளி ஆக்கிவிடும். 'லெஃப்ட் தி வார்ட்' என்று எழுதி, கடைசியாகப் பார்த்த நேரத்தையும் யாருக்குத் தகவல் சொன்னீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

வியப்புக்கு வரும் 'கெட் அவே!' பிரிட்டிஷ் பேச்சு, வட இங்கிலாந்தில் மிகுதி. அங்கே 'கெரவே' என்றே காதில் விழும், நடுவில் இருக்கும் ட ஓசை ர ஆகிவிடும். 'கெட் அவே வித் யூ' என்றும் வரும். துரத்துகிறார்களா வியக்கிறார்களா என்பதைக் குரல்தான் காட்டும். வியப்பானால் 'வே'யில் குரல் நீண்டு இழுபடும், முகத்தில் சிரிப்பு இருக்கும். 'போடே!' என்பதை எப்போது வசையாகவும் எப்போது ஆச்சரியமாகவும் எடுத்துக்கொள்வது என்று நாஞ்சில் நாட்டுக்காரருக்குப் பாடம் தேவையில்லை. அதே காதுதான் இங்கேயும்.

இலக்கணத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இறந்தகாலம் 'காட் அவே'. முற்று வடிவம் பிரிட்டனில் 'ஹாஸ் காட் அவே', அமெரிக்காவில் 'ஹாஸ் காட்டன் அவே'. கேள்வியில் 'டிட்' வந்தால் 'கெட்'தான்: 'ஹவ் டிட் ஹி கெட் அவே வித் இட்?' இங்கே 'காட்' போடுவது மிகச் சாதாரணமான பிழை. 'ஹி வாஸ் காட் அவே' என்று செயப்பாட்டு வினையாக்க முடியாது. 'கெட்'டுக்கும் 'அவே'க்கும் நடுவில் பொருள் வந்தால் அர்த்தம் மாறும்: 'கெட் தட் டாக் அவே ஃப்ரம் மீ', அந்த நாயை என்னிடமிருந்து விலக்கு. தப்பும் பொருளில் 'க்ளீன்' போன்ற ஒரு அடை மட்டும் நடுவில் வரலாம்: 'தே காட் க்ளீன் அவே', தடயமே இல்லாமல் மறைந்தார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில் 'கெட் அவே வித்' கொஞ்சம் பேச்சு வாடை அடிக்கும். 'கோ அன்பனிஷ்ட்' என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அங்கே எழுவாய் குற்றமாகவோ குற்றவாளியாகவோ இருக்க வேண்டும். பேச்சுத் தேர்வில் 'கெட் அவே வித்'தே நல்லது, இயல்பாக இருக்கும்.

உச்சரிப்பு. வினையானால் அழுத்தம் 'வே'யில், பெயரானால் 'கெட்'டில். 'ட'வை நாம் இரட்டித்து 'கெட்டவே' என்று அழுத்திச் சொல்வோம். அமெரிக்கர் நாக்கு நுனியை மேலே லேசாகத் தட்டிவிட்டுப் போவார். காதுக்குக் 'கெடவே' என்று, நம் 'படம்' என்பதில் வரும் ஒற்றை ட போல இருக்கும். 'காட் அவே வித் இட்' முழுவதும் 'காடவே விதிட்' என்று ஒரே மூச்சில் வரும். லிஸனிங் பயிற்சியில் இது பிடிபடாவிட்டால் ஆடியோவை 0.75 வேகத்தில் ஒருமுறை ஓடவிட்டு, 'வே'க்குப் பின்னால் வருவது 'வித்'தா 'ஃப்ரம்'மா என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை முழு வேகத்தில் கேட்டு, அதற்குப் பின்னால் வருவது பொருளா, செயலா, தண்டனையா என்று எழுதுங்கள். கேள்விக்கு விடை அந்த இரண்டு குறிப்பிலேயே இருக்கும்.